மேலே ஐஸ், கீழே புளித்த மாவு: ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

கானாடுகாத்தானில் உள்ள உங்கள் பூர்வீக வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆறு வருஷமான இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனியைத் தானே கரைத்துக்கொள்ளும்) ஃப்ரிட்ஜ். மேலே ஃப்ரீசரில் ஐஸ் நன்றாக உறைகிறது. கீழே வைத்த இட்லி மாவு மறுநாளே பொங்கிப் புளித்துவிடுகிறது. காய்கறி டிராயருக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது. பார்க்க வந்தவர் கீழ்த்தட்டில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "கேஸ் போச்சு, ஏத்தணும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டில் ஆத்தாவும் அப்பத்தாவும் மட்டும், நீங்கள் வெளியூரில். கேஸ் போடச் சொல்வதா, புதிதாகவே வாங்கிக் கொடுத்துவிடுவதா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது: கேஸ் உண்மையிலேயே போய்விட்டதா? நீங்கள் எழுதிய மூன்று அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் போயிருக்காது என்றே சொல்வேன்.

நான் ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பு முடித்துவிட்டு, காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் பல வருஷமாக இதே வேலை பார்ப்பவன். உங்கள் ஃப்ரிட்ஜை நேரில் பார்க்கவில்லை. அதனால் எதை உறுதியாகச் சொல்ல முடியும், எது ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் உறுதியானது. ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. கம்ப்ரஸர், பின்னால் அல்லது பக்கச் சுவருக்குள் இருக்கும் சூட்டுக் குழாய், முடிபோல மெல்லிய கேபிலரி, ஃப்ரீசருக்குப் பின்னால் இருக்கும் குளிர் காயில், திரும்பவும் கம்ப்ரஸர். இந்த வட்டம் முழுக்கப் பற்றவைத்து மூடப்பட்டது. அதில் எங்காவது ஓட்டை விழுந்தால்தான் கேஸ் வெளியேறும். ஓட்டை இல்லையென்றால் கம்பெனியில் அடைத்த அதே கேஸ் ஃப்ரிட்ஜின் ஆயுள் முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கும். "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் ஏத்தணும்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். அப்படி ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் ஓட்டையை யாரும் அடைக்கவில்லை என்று அர்த்தம்.

உங்கள் வகை ஃப்ரிட்ஜில் மேலுக்கும் கீழுக்கும் சேர்த்து ஒரே ஒரு குளிர் காயில்தான். அது ஃப்ரீசரின் பின்சுவரில் உள்ள பிளாஸ்டிக் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன ஃபேன். காயிலில் பட்டுக் குளிர்ந்த காற்றை அந்த ஃபேன் முதலில் ஃப்ரீசருக்குள் ஊதுகிறது. அதில் ஒரு பங்கு ஒரு காற்றுவழி மூலமாகக் கீழே இறங்கி மாவும் காய்கறியும் இருக்கும் அறைக்கு வருகிறது. கீழறைக்கென்று தனியாகக் குளிர் உண்டாகும் இடம் எதுவும் கிடையாது. மேலிருந்து வரும் காற்றை நம்பியே அது இருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் நுழையும் வெளிக்காற்றின் ஈரம் முழுக்க அந்தக் காயிலில்தான் போய் உறைபனியாகப் படிகிறது. இதைக் கரைக்கக் காயிலுக்கு அடியில் ஒரு ஹீட்டர் இருக்கிறது. கம்ப்ரஸர் சில மணி நேரம் ஓடியதும் டைமரோ போர்டோ கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு இந்த ஹீட்டரைக் கொஞ்ச நேரம் போடும். பனி உருகி, அடியில் உள்ள ஓட்டை வழியாகக் குழாயில் இறங்கி, ஃப்ரிட்ஜின் பின்பக்கம் கம்ப்ரஸரை ஒட்டி இருக்கும் தட்டில் விழுந்து, அந்தச் சூட்டிலேயே ஆவியாகிவிடும். எல்லாம் சரியாக நடந்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

இந்தக் கரைக்கும் வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்று பாருங்கள். பனி நாளுக்கு நாள் ஏறிக் காயிலின் தகடுகளுக்கு இடையே கெட்டியாக அடைத்துக்கொள்ளும். ஃபேன் சுற்றும், ஆனால் காற்று ஊடுருவிப் போக வழியில்லை. காயிலை ஒட்டியே இருப்பதால் ஃப்ரீசர் இன்னும் குளிர்ந்திருக்கும், ஐஸ் கட்டும். கீழே காற்று இறங்காது, மாவு புளிக்கும். வடிகிற ஓட்டையிலும் ஐஸ் அடைத்துக்கொள்வதால், கொஞ்சநஞ்சம் உருகும் தண்ணீர் போக வழியின்றி உள்பக்கமாகவே வழிந்து காய்கறி டிராயருக்கு அடியில் தேங்கும். நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே காரணத்தில் வந்து சேர்கின்றன. கேஸ் நன்றாகக் குறைந்துவிட்டால் ஃப்ரீசரும் அடிபடும். ஐஸ்கிரீம் இளகும், ஐஸ் கட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் ஆகும், கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், பக்கச் சுவர்களில் வழக்கமாகத் தெரியும் சூடு குறைந்துபோகும். டிராயருக்கு அடியில் தண்ணீர் வருவதைக் கேஸ் கணக்கில் எழுத முடியாது.

சந்தேகத்துக்கு இடம் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கேஸ் மெதுவாகக் கசியும் ஃப்ரிட்ஜில், கொஞ்ச காலத்துக்குக் காயிலின் ஒரு மூலையில் மட்டும் பனி படிந்து, ஃப்ரீசர் ஓரளவு குளிர்ந்து, கீழே குளிராமல் போவதும் உண்டு. தண்ணீர் 0 டிகிரியிலேயே உறைந்துவிடும் என்பதால் ஐஸ் கட்டுவது பெரிய சாட்சி ஆகாது. ஃப்ரீசர் இருக்க வேண்டியது மைனஸ் 18 டிகிரி. ஆத்தாவிடம் சொல்லி ஒரு கப் ஐஸ்கிரீமை ஃப்ரீசரில் ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் ஸ்பூன் இறங்காத அளவு கல்லாக இருந்தால் கேஸ் மீது சந்தேகம் வெகுவாகக் குறைகிறது. மேலே ஐஸ் இருந்தும் ஐஸ்கிரீம் குழைந்து கிடந்தால் கேஸையும் சந்தேகப் பட்டியலில் வைக்க வேண்டியதுதான். அப்படியே ஃப்ரிட்ஜின் இரண்டு பக்கச் சுவரையும் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்ரஸர் ஓடும்போது அங்கே கதகதவென்று சூடு தெரிந்தால் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே வந்துகொண்டிருக்கிறது. அந்தச் சூட்டைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சூட்டுக் குழாயைச் சுவருக்குள் பதித்த ஃப்ரிட்ஜ் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை, பொறுமை வேண்டும். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்தபடி 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். முன்பக்கத் தரையில் பழைய வேட்டி இரண்டை விரித்துவிடச் சொல்லுங்கள். அடைபட்ட ஐஸ் உருகும்போது தண்ணீர் நிறையவே வரும், ஆத்தங்குடிக் கல் தரையில் வழுக்கி அப்பத்தா விழுந்துவிடக் கூடாது. நான்கு மணி நேரத்தில் போதும் என்று நினைக்காதீர்கள். தகட்டுக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் வெளியே தெரியாது, அது முழுக்கக் கரைய நேரம் பிடிக்கும். கத்தி, கரண்டிக் காம்பு, ஸ்குரூ டிரைவர் எதையும் வைத்துக் குத்த வேண்டாம். காயில் குழாய் மெல்லியது. அதில் ஒரு குத்து விழுந்தால் அதுவரை போகாத கேஸ் அந்த நிமிஷமே போய்விடும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசர் பெட்டியின் அலுமினியத் தகட்டுக்குள்ளேயே கேஸ் ஓடுகிறது; எங்களிடம் வரும் கேஸ் போன ஃப்ரிட்ஜ்களில், ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பிக் கெட்டவை நிறைய.

ஒரு நாள் கழித்து உள்ளே துடைத்துவிட்டு பிளக்கைப் போட்டு, காலியாகவே ஓடவிடுங்கள். கீழ்த்தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு வைத்து, மறுநாள் காலை கதவைத் திறந்ததும் படிக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஆகாது. ஃப்ரிட்ஜுக்கென்றே விற்கும் சின்ன தெர்மாமீட்டர் போதும். 5 டிகிரிக்குள் இருந்தால் கீழறை சரியாக இருக்கிறது. இதற்குப் பிறகு மூன்றில் ஒன்று நடக்கும். சில நாள், ஒரு வாரம், பத்து நாள் நன்றாகக் குளிர்ந்துவிட்டுப் பழையபடி மெல்ல மெல்லக் கீழே சூடேறினால், பனி கரைக்கும் பகுதியில்தான் கோளாறு, கேஸில் இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் கசிந்துபோன கேஸ் பிளக்கைப் பிடுங்கி வைப்பதால் திரும்பி வராது. ஐஸ் முழுக்கக் கரைந்த பிறகும் முதல் நாளிலிருந்தே கீழே குளிரவில்லை என்றால் ஃபேன், கீழே காற்றை விடும் மடல், கேஸ், கம்ப்ரஸர் என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். மாதக்கணக்கில் பிரச்சினையே வரவில்லை என்றால் ஒரு நாள் ராத்திரி கதவு சரியாக மூடாமல் கிடந்திருக்கலாம், அல்லது வடிகால் ஓட்டை மட்டும் அடைத்திருந்திருக்கலாம்.

ஃபேன் சுற்றுகிறதா என்பதை வீட்டிலேயே காதால் அறியலாம். பல மாடல்களில் ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் ஃபேன் நின்றுவிடும். கதவு ஓரத்தில் இருக்கும் சுவிட்சை விரலால் அழுத்திப் பிடித்தால் மெல்லிய சத்தத்தோடு காற்று வரும். கம்ப்ரஸர் ஓடும்போது அப்படி அழுத்தியும் காற்று வரவில்லை என்றால் ஃபேன் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். புது மாடல்கள் சிலவற்றில் சுவிட்சுக்குப் பதில் காந்தம் வைத்த சென்சார் இருக்கிறது, அங்கே இந்த வழி பலிக்காது. கிர்ர் என்று உரசும் சத்தம் கேட்டால் ஃபேன் இறக்கை ஐஸில் இடிக்கிறது என்று பொருள். அதுவும் நாம் பேசிக்கொண்டிருக்கும் பனி அடைப்புக்கு இன்னொரு சாட்சி.

பனி கரைக்கும் பகுதியில் எந்தப் பாகம் கெட்டது என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. ஹீட்டர் எரிந்திருக்கலாம், சூடு மிஞ்சினால் அறுந்துகொள்ளும் ஃப்யூஸ் போயிருக்கலாம், காயிலில் கவ்வியிருக்கும் பைமெட்டல் என்ற சூட்டு சுவிட்ச் அல்லது சென்சார் கெட்டிருக்கலாம், டைமர் ஒரே இடத்தில் நின்றிருக்கலாம், போர்டில் ரிலே போயிருக்கலாம். நல்ல மெக்கானிக் ஃப்ரீசர் தகட்டைக் கழற்றி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவார். அவர் தகட்டைக் கழற்றியதும் பனி எப்படிப் படிந்திருக்கிறது என்பதை ஆத்தாவை ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். காயில் முழுக்க வெள்ளைச் சுவராக ஐஸ் மூடியிருந்தால் கரைக்கும் கோளாறு. கேஸ் நுழையும் மூலையில் மட்டும் கொஞ்சம் பனி, மற்ற இடமெல்லாம் வெறும் அலுமினியமாகத் தெரிந்தால் கேஸ் குறைவு. இந்த ஒரு படம் பாதி வாக்குவாதத்தைத் தீர்த்துவிடும். ஆகவே 24 மணி நேரம் கரைய விடுவதற்கு முன்பே மெக்கானிக் வர முடிந்தால் இன்னும் நல்லது. கரைந்த பிறகு அந்தச் சாட்சி போய்விடும்.

பைமெட்டல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அது குளிரில் இணைப்புக் கொடுக்கும், சூட்டில் துண்டித்துக்கொள்ளும். காயில் நடுங்கும் குளிரில் இருக்கும்போதுதான் ஹீட்டருக்குக் கரண்ட் போக வேண்டும், பனி கரைந்ததும் நிற்க வேண்டும் என்பதற்காகவே அப்படி. கழற்றி வெளியில் வைத்து, நம் ஊர் வெயிலில் மீட்டரை வைத்தால் நல்ல பைமெட்டல்கூடத் துண்டித்த மாதிரிதான் காட்டும். அதை ஐஸோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஃப்யூஸ் அப்படியில்லை, சூட்டிலும் குளிரிலும் இணைப்புக் காட்ட வேண்டும். ஃப்யூஸ் போயிருந்தால் அதை விட்டுவிட்டு நேராக ஒயரை முறுக்கி இணைக்க விடாதீர்கள். ஹீட்டர் நிற்காமல் ஓடினால் உள்ளே பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் வழி உண்டு.

வடிகால் ஓட்டையை வருஷத்துக்கு இரண்டு முறை கவனித்தால் போதும். கறிவேப்பிலைக் காம்பு, வெங்காயச் சருகு, சிந்திய மாவு காய்ந்த துணுக்கு என்று ஏதாவது அடைத்துக்கொள்ளும். ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி மெதுவாகச் செலுத்தினால் வழிவிடும். பின்பக்கத் தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் இந்த ஓட்டை கீழறையின் பின்சுவரில் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வகையில் ஃப்ரீசர் தகட்டுக்குப் பின்னால் இருப்பதால் மெக்கானிக் வரும்போதே சேர்த்துச் செய்துகொள்ளலாம். பின்பக்கத் தட்டையும் மறக்க வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடும். வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வருபவர்கள் தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்து ஃப்ரிட்ஜ் பின்னால்தான் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். வாரம் ஒரு முறை ஊற்றிக் கவிழ்த்துவிட்டால் போதும்.

இனி, உண்மையிலேயே கேஸ்தான் போயிருக்கிறது என்று தெரிந்தால் எப்படிச் செய்யச் சொல்வது? முதலில் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டும். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும் இடமும் காட்டிக்கொடுக்கும். ஓட்டையை அடைத்து, குழாயில் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரைப் புதிதாக மாற்றி, வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் நன்றாக இழுத்துவிட்டு, தராசில் நிறுத்து கேஸ் ஏற்ற வேண்டும். எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்பது ஃப்ரிட்ஜின் உள்சுவரிலோ பின்னாலோ ஒட்டியிருக்கும் லேபிளில் அச்சாகியிருக்கும். இதில் எதையும் செய்யாமல் அரை மணி நேரத்தில் கேஸ் ஏற்றிவிட்டுப் போனால் அது சில மாதத்தில் திரும்பவும் போகும்.

லேபிளில் ஆர்-600ஏ என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது ஐசோபியூட்டேன், எரியக்கூடியது. வீட்டு ஃப்ரிட்ஜில் அதன் அளவு சில பத்து கிராம்தான் என்பதால் சாதாரணமாக ஓடும்போது பயமில்லை. ஆனால் உள்ளே கேஸ் இருக்கும்போது யாரும் குழாயில் டார்ச் நெருப்பை வைக்கக் கூடாது. வேலை நடக்கும்போது ஜன்னல் கதவு திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் கையில் இருக்கிறதே என்று ஆர்-134ஏ என்ற வேறு வகைக் கேஸை ஏற்றுவதும் தப்பு. அதற்கான கம்ப்ரஸர் வேறு, எண்ணெய் வேறு, அளவு வேறு. செட்டிநாட்டு வீடுகளின் பின்பகுதியான மூன்றாம் கட்டில் இன்னும் நிற்கும் மிகப் பழைய ஃப்ரிட்ஜ்களில் ஆர்-12 என்ற கேஸ் இருக்கும். அது ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாக நிறுத்தப்பட்டது. இந்தியாவிலும் 2010க்குள் அதன் பொதுவான தயாரிப்பு நின்றது. அப்படிப்பட்ட ஃப்ரிட்ஜுக்குக் கேஸ் போகும்போது அதை வழியனுப்பிவிடுவதே நல்லது.

உங்கள் வீடு மாதிரி பெரிய வீடுகளில் நான் முதலில் பார்ப்பது கரண்ட். மீட்டர் முகப்பில் இருக்கும். ஃப்ரிட்ஜோ வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, பின்வாசல் பக்கத்து அடுப்படியில் நிற்கும். ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீட்டில் அவ்வளவு தூரமும் பழைய மெல்லிய ஒயர், நடுவில் எத்தனையோ முறுக்கு இணைப்புகள். மீட்டர் அருகில் 220 வோல்ட் காட்டும். அடுப்படி பிளக்கில், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் அளந்தால் வெகுவாக இறங்கிப்போயிருக்கும். அப்போது கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் ஒரு 'டிக்' சத்தத்தோடு நிற்கும், சில நிமிஷம் கழித்து மறுபடி முயன்று மறுபடி 'டிக்'. இதைக் கேட்டுவிட்டுக் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. குறைந்த வோல்டேஜ், கம்ப்ரஸரைக் கிளப்பும் ரிலே, சூடு மிஞ்சினால் அதை நிறுத்தும் ஓவர்லோடு இவற்றைப் பார்த்த பிறகே அந்த முடிவுக்கு வர வேண்டும். மீட்டரிலிருந்து அடுப்படிக்குத் தனியாக நல்ல கனத்தில் ஒரு ஒயர் இழுப்பது பல வீடுகளில் ஸ்டெபிலைசரைவிடப் பலன் தருகிறது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் அது எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் பிளக்கில் அளந்த எண் அதற்குள் வந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் பிளக்கைப் பிடுங்கி வைத்து, நிலைத்த பிறகு ஐந்து நிமிஷம் விட்டுப் போடுவது எந்த ஃப்ரிட்ஜுக்கும் நல்லது.

கரண்ட் பேச்சோடு இதையும் சேர்த்துச் சொல்கிறேன், உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும். ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா என்று அப்பத்தாவிடம் கேளுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டைக்கு எர்த் ஒயரே வந்திருக்காது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவைத் திறப்பவர்கள் வயதானவர்கள். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் ஒன்றைப் போட்டுவிடுங்கள். மற்ற எந்த வேலையைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்தவரை பின்னாலும் பக்கங்களிலும் சுமார் நான்கு விரற்கடையாவது இடைவெளி வேண்டும், மேலே சாக்கும் சம்படமும் அடுக்கக் கூடாது. விறகடுப்பு எரியும் சுவரை ஒட்டியோ, ஜன்னலே இல்லாத சாமான் அறைக்குள்ளோ வைத்தால் சித்திரை வைகாசியில் திணறும். ஐப்பசி கார்த்திகை மழையில் வளவு முழுக்க ஈரம் ஏறும்போது கதவு ஓரத்தில் வேர்க்கும். லேசாக வேர்த்தால் கோளாறில்லை. ஒரே இடத்தில் சொட்டினால் அங்கே ரப்பர் பிடிக்கவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுவழுவென்று வந்துவிட்டால் அந்த இடம் ஓட்டை. சோப்புத் தண்ணீரில் ரப்பரின் மடிப்புகளைத் துடைத்தாலே பாதி சமயம் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் ரப்பரை மட்டும் மாற்றலாம். ஈரக்காற்று இந்த வழியில் ஓயாமல் நுழைந்தால் ஹீட்டர் நன்றாக இருந்தும் பனி மிஞ்சிவிடும். ஆகவே மெக்கானிக் எதையும் மாற்றும் முன் இதையும் பார்த்துவிடட்டும்.

கல்யாணம், நோன்பு என்று உறவெல்லாம் வந்து தங்கும் நாட்களில் ஃப்ரிட்ஜ் படும் பாடு தனி. பெரிய தூக்கில் மாவை நிரப்பிப் பின்சுவரோடு ஒட்டி வைத்தால் காற்று வரும் துளைகள் அடைபடும். அப்போது கோளாறே இல்லாத ஃப்ரிட்ஜிலும் கீழே குளிராது. பின்சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, இரண்டு மூன்று சின்னப் பாத்திரமாகப் பிரித்து வையுங்கள். சூடான கோழிக்குழம்பை அப்படியே உள்ளே தள்ள வேண்டாம், அதற்காக ராத்திரி முழுக்க வெளியிலும் வைக்க வேண்டாம். அகலப் பாத்திரத்தில் ஆறவிட்டு இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும். இப்போது ஃப்ரிட்ஜ் இருக்கும் நிலையில், சரியாகும்வரை கீழ்த்தட்டில் மீன், கறி, பால், சமைத்த மிச்சம் எதையும் வைத்து மறுநாள் சாப்பிட வேண்டாம் என்று ஆத்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மாவு ஒரே ராத்திரியில் பொங்குகிறது என்றால் அங்கே 5 டிகிரிக்கு மேல் வெகுவாகப் போய்விட்டது. புளிப்பு மூக்குக்குத் தெரியும். மீனிலும் கறியிலும் வளரும் கிருமி மணத்திலோ நிறத்திலோ தெரியாமலே இருக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளிலும் இதே கணக்குதான்: நல்ல ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் நான்கு மணி நேரம் கீழறை தாங்கும், நிறைந்த ஃப்ரீசர் அதைவிட வெகுநேரம் தாங்கும்.

ஆத்தாவும் அப்பத்தாவும் சில மாதம் உங்களோடு வந்து தங்கி, வீடு பூட்டிக் கிடக்குமானால் ஃப்ரிட்ஜை ஓடவிட்டுப் போக வேண்டாம். காலி செய்து, துடைத்து, பின்பக்கத் தட்டையும் உலர்த்தி, கதவு மூடிக்கொள்ளாதபடி இடையில் மடித்த துணி ஒன்றை வைத்துவிட்டுப் போனால் பூஞ்சை பிடிக்காது. திரும்பி வந்ததும் பிளக்கைப் போடும் முன் பின்னால் குனிந்து ஒயர்களைப் பாருங்கள். பூட்டிய வீட்டில் எலி கடித்து வைத்திருப்பது இந்தப் பக்கம் சாதாரணம்.

கடைசியாக, சரிசெய்வதா புதிது வாங்குவதா. பனி கரைக்கும் கோளாறு என்றால் தயக்கமே வேண்டாம், சரிசெய்யுங்கள். ஹீட்டர், சென்சார், ஃப்யூஸ், ஃபேன் எல்லாமே புது ஃப்ரிட்ஜின் விலையில் சின்னப் பங்குதான். போர்டு கொஞ்சம் கூடும், அதையும் பல சமயம் ரிப்பேர் செய்ய முடியும். கம்ப்ரஸர் போயிருந்தால் வாரண்டி அட்டையைத் தேடுங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரஸருக்கு மட்டும் 10 வருஷம் கொடுக்கின்றன, ஆறு வருஷமே ஆன உங்களுடையதற்கு இன்னும் மிச்சம் இருக்கலாம். சுவரின் நுரைக்குள் பதிந்த குழாயில் ஓட்டை என்று நிரூபணமானால் மட்டும் புதிதை யோசியுங்கள். அதை உடைத்து அடைப்பது கட்டுப்படியாகாது. அப்படி வாங்குவதாக இருந்தால், இரண்டு பெரியவர்கள் மட்டும் புழங்கும் வீட்டுக்கு ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜே போதும் என்பது என் கருத்து. ஃபேன், ஹீட்டர், காற்றுவழி இல்லாததால் கெடுவதற்கு உள்ள பாகமும் குறைவு. ஃப்ரீசரில் பனி விரல் கனம் ஏறியதும், குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் நடுவில் இருக்கும் பனி கரைக்கும் பட்டனை அழுத்திவிட மட்டும் பழக வேண்டும்.

இப்போதைக்கு வந்த மெக்கானிக்கையே திரும்பக் கூப்பிட்டு, "கேஸ் போடறதுக்கு முன்னாடி ஃப்ரீசர் தகட்டைக் கழட்டிக் காட்டுங்க தம்பி" என்று ஆத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள். நல்ல தொழிலாளி இதற்குக் கோபப்பட மாட்டார். அவர் கழற்றியதும் எடுக்கும் காயில் போட்டோ, லேபிள் போட்டோ, அடுப்படி பிளக்கில் அளந்த வோல்டேஜ், ஐஸ்கிரீம் கல்லாக இருந்ததா குழைந்ததா என்பது, இந்த நான்கையும் இங்கேயே எழுதுங்கள். எந்தப் பாகத்தை முதலில் மாற்றுவது என்பதை அதற்குப் பிறகு இன்னும் நெருங்கிச் சொல்ல முடியும்.